திரைக்கு வராத விடை: மாக்ஸிமாவில் பிரின்ட் கட்டளையின் கோளாறுகளை அறிகுறியைக் கொண்டு நீக்கும் வழிமுறை

காரைக்குடியில் எங்கள் வீட்டுப் பட்டாலையில் மாலை வேளைகளில் கல்லூரி மாணவர்கள் சிலருக்கு மாக்ஸிமா என்னும் இயற்கணித மென்பொருளைக் கற்றுக்கொடுத்து வருகிறேன். சமன்பாட்டைத் தீர்ப்பதிலும் தொகையீடு காண்பதிலும் அவர்கள் தடுமாறுவது குறைவு. கண்ட விடை திரையில் வராமல் போவது, வந்த விடை இரண்டு முறை வருவது, கேட்ட வடிவில் வராமல் வேறு வடிவில் வருவது ஆகியவைதாம் அவர்களை அதிக நேரம் நிறுத்திவைக்கின்றன. ஒவ்வொரு முறையும் புதிய கோளாறு என்று எண்ணி என்னிடம் கொண்டுவருகிறார்கள். பார்த்தால் பெரும்பாலும் காரணம் ஒன்றாகவே இருக்கிறது. அந்தக் காரணத்தை முதலில் சொல்லிவிட்டு, பிறகு அறிகுறிகளுக்குச் செல்கிறேன்.

மாக்ஸிமாவில் ஒரு கட்டளை திரையில் காட்டுவது ஒன்று. அந்தக் கட்டளை தன் மதிப்பாகத் திருப்பித் தருவது வேறொன்று. நம் ஊர்ப் பழைய வட்டிக்கடைகளில் கணக்குப்பிள்ளை ஒரு தொகையை வாய்விட்டுச் சொல்வதும் அதைப் பேரேட்டில் எழுதுவதும் தனித்தனி வேலைகளாக இருந்ததைப் போன்றது இது. பிரின்ட் என்பது வாய்விட்டுச் சொல்லும் வேலை. பேரேட்டில் என்ன பதிந்தது என்பதைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கட்டளைப் பெயர்களை இங்கே ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது அவற்றையும், நாம் சூட்டும் பெயர்களையும், ஆங்கிலச் சிற்றெழுத்திலேயே தட்ட வேண்டும். அரைப்புள்ளி, டாலர், முக்காற்புள்ளி முதலிய குறிகளை இங்கே உள்ளவாறே இடலாம்.

கட்டளையைத் தட்டிய பிறகும் திரையில் ஒன்றும் வரவில்லை

டபிள்யூஎக்ஸ்மாக்ஸிமா என்னும் சாளர வடிவத்தில் வேலை செய்பவர் என்டர் விசையை மட்டும் அழுத்தினால் அடுத்த வரி பிறக்குமே தவிரக் கட்டளை இயங்காது. ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு என்டரை அழுத்த வேண்டும். முதல் நாள் வருகிற மாணவர்களில் பலருக்கு இதுதான் சிக்கல் என்பதால் இதை முதலில் சோதியுங்கள்.

கன்சோலில், அதாவது எழுத்துகள் மட்டுமே வரும் கட்டளைத் திரையில், வேலை செய்பவருக்கு என்டர் போதும். ஆனால் வரியின் முடிவில் அரைப்புள்ளியோ டாலர் குறியோ இல்லையென்றால், நீங்கள் இன்னும் சொல்லி முடிக்கவில்லை என்று கருதி மாக்ஸிமா காத்திருக்கும். விட்டுப்போன அரைப்புள்ளியை அடுத்த வரியில் தனியாக இட்டு என்டரை அழுத்தினாலே விடை வந்துவிடும். சாளர வடிவத்தில் அரைப்புள்ளி விட்டுப்போனால் மென்பொருளே அதைச் சேர்த்துக்கொள்கிறது. அதனால் அங்கே பழகியவர்கள் கன்சோலுக்கு வந்ததும் திகைக்கிறார்கள்.

இரண்டு முடிவுக்குறிகளுக்கும் வேறுபாடு உண்டு. அரைப்புள்ளியில் முடிந்த கட்டளையின் மதிப்பு திரையில் காட்டப்படும். டாலரில் முடிந்தால் கணக்கு நடக்கும், மதிப்பு காட்டப்படாது. ஆகவே டாலரில் முடித்துவிட்டு விடையைத் தேடுகிறீர்களா என்று பாருங்கள். பிரின்ட் கட்டளை மட்டும் இதற்குக் கட்டுப்படாது. வரி டாலரில் முடிந்தாலும் அது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடும்.

வரி வரியாகத் தட்டியபோது வந்த விடைகள், அதே வரிகளைக் கோப்பில் எழுதி இயக்கியபோது வரவில்லை என்றால், கோப்பை எந்தக் கட்டளையால் அழைத்தீர்கள் என்பதைக் கவனியுங்கள். லோட் கட்டளை கோப்பில் உள்ளவற்றை ஓசையின்றிச் செய்துமுடிக்கும். அரைப்புள்ளி இட்டிருந்தாலும் மதிப்புகளைக் காட்டாது. பேட்ச் கட்டளையோ ஒவ்வொரு வரியையும் அதன் விடையையும் காட்டிக்கொண்டே போகும். லோட் கொண்டு அழைக்கப்போகும் கோப்பானால், காட்ட வேண்டிய இடத்தில் எல்லாம் பிரின்ட்டை வெளிப்படையாக எழுதிவிடுவதே சரி.

ஒரே விடை இரண்டு முறை வருகிறது, அல்லது சம்பந்தமில்லாத ஒரு சொல் பின்னால் வருகிறது

நான் மிகுந்த நேரம் செலவிட்டு விளக்கும் இடம் இதுதான். இதன் பின்விளைவு திரையோடு நிற்பதில்லை, கணக்குக்குள்ளும் புகுந்துவிடுகிறது.

பிரின்ட் தனக்குக் கொடுத்த உறுப்புகளை இடமிருந்து வலமாக மதிப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் இடையில் ஓர் இடைவெளி விட்டுக் காட்டுகிறது. காட்டி முடித்ததும் கடைசி உறுப்பின் மதிப்பைத் தன் மதிப்பாகத் திருப்பித் தருகிறது. வரி அரைப்புள்ளியில் முடிந்திருந்தால் அந்த மதிப்பும் திரையில் வருகிறது. ஒன்று பிரின்ட் சொன்னது, மற்றொன்று மாக்ஸிமா தன் வழக்கப்படி காட்டியது. அரைப்புள்ளியை டாலராக மாற்றினால் இரண்டாவது வரி நின்றுவிடும்.

அவ்வளவுதானா என்றால் இல்லை. தேவகோட்டையிலிருந்து வரும் மாணவர் ஒருவர் நூற்றுக்கு ஒரு ரூபாய் மாத வட்டி என்னும் கணக்கை ஒரு சார்பாக எழுதியிருந்தார்:

வட்டி(முதல்) := பிரின்ட்("மாத வட்டி", முதல்/100, "ரூபாய்")$

ஐம்பதாயிரத்துக்கு இதை அழைத்தபோது, மாத வட்டி 500 ரூபாய் என்று திரையில் ஒழுங்காக வந்தது. ஆண்டு வட்டிக்காக அவர் அதைப் பன்னிரண்டால் பெருக்கினார்:

12*வட்டி(50000);

விடையாக வந்தது 12 ரூபாய். ஆறாயிரம் வர வேண்டிய இடத்தில் பன்னிரண்டு வந்ததற்குக் காரணம் பெருக்கலில் இல்லை. பிரின்ட்டின் கடைசி உறுப்பு "ரூபாய்" என்னும் எழுத்துச்சரம். சார்பு திருப்பித் தந்த மதிப்பும் அந்தச் சரமே. எழுத்துச்சரத்தை எண்ணால் பெருக்கினால் மாக்ஸிமா தடுப்பதில்லை. அறியாக் கணியத்தைப் பெருக்குவதைப் போலப் பெருக்கிவைத்துக்கொள்கிறது. பிழைச் செய்தி எதுவும் வராது. பார்ப்பதற்கு நியாயமான தொகையைப் போலவே தோன்றும் இப்படிப்பட்ட தவறான விடைக்குத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன்.

சரியான முறை, காட்டும் வேலையையும் திருப்பித் தரும் வேலையையும் பிரித்து எழுதுவது:

வட்டி(முதல்) := பிளாக்([மாதம்], மாதம் : முதல்/100, பிரின்ட்("மாத வட்டி", மாதம், "ரூபாய்"), மாதம்)$

பிளாக்கின் கடைசியில் நிற்பது எதுவோ அதுவே சார்பின் மதிப்பு. இப்போது பன்னிரண்டால் பெருக்கினால் 6000 வரும். பிளாக்கினுள் ஒவ்வொரு படியையும் காற்புள்ளியால்தான் பிரிக்க வேண்டும். பழக்கத்தில் அரைப்புள்ளியையோ டாலரையோ உள்ளே இட்டுவிட்டால் தொடரமைப்புப் பிழை என்று செய்தி வரும். அந்தச் செய்தி வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அடைப்புக்குறிக்குள் இருக்கும் முடிவுக்குறிகளையே.

பெயரும் மதிப்பும் சேர்ந்து காட்டப்பட வேண்டும் என்றால் பிரின்ட்டைவிட டிஸ்ப்ளே வசதியானது. மாதம் என்று அதற்குக் கொடுத்தால், மாதம் = 500 என்று சமன்பாடாகவே காட்டும்.

மடக்கு ஓடியது, ஆனால் டன் என்ற சொல் மட்டும் வந்தது

ஐம்பதாயிரம் ரூபாய் ஆண்டுக்குப் பன்னிரண்டு விழுக்காட்டுக் கூட்டுவட்டியில் ஐந்தாண்டுகளில் எவ்வாறு வளர்கிறது என்று பார்க்க விரும்பி இவ்வாறு எழுதுவார்கள்:

ஃபார் ஆண்டு : 1 த்ரூ 5 டூ 50000*(1+12/100)^ஆண்டு;

மாக்ஸிமா ஐந்து கணக்கையும் செய்கிறது, ஆனால் எதையும் காட்டுவதில்லை. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் இத்தகைய மடக்கினுள் பிறக்கும் மதிப்புகள் தாமாகத் திரைக்கு வருவதில்லை. மடக்கு முழுவதற்குமான மதிப்பு, முடிந்தது என்று பொருள்படும் டன் என்னும் ஆங்கிலச் சொல்தான். மடக்கினுள் பிரின்ட்டை வைத்து, வரியை டாலரில் முடித்தால், டன் நீங்கி ஐந்தாண்டு விடைகளும் கிடைக்கும்:

ஃபார் ஆண்டு : 1 த்ரூ 5 டூ பிரின்ட்(ஆண்டு, 50000*(1+12/100)^ஆண்டு)$

டூ என்பதற்குப் பிறகு இரண்டு வேலைகள் இருந்தால் அவை இரண்டையும் சேர்த்து ஓர் அடைப்புக்குறிக்குள் வைக்க வேண்டும். அடைப்பு இல்லாமல் காற்புள்ளியால் மட்டும் பிரித்தால், அந்தக் காற்புள்ளி மடக்கின் பகுதியாகாது. மேல்மட்டத்தில் வரும் காற்புள்ளியை, முன்னால் உள்ளதைப் பின்னால் உள்ள நிபந்தனைகளோடு மதிப்பிடு என்னும் வேறொரு கட்டளையாகவே மாக்ஸிமா படிக்கிறது.

இதோடு உறவுள்ள சிறிய அறிகுறி ஒன்று உண்டு. இஃப் கட்டளைக்குப் பின் ஃபால்ஸ் என்ற சொல் வந்து நின்றால், நிபந்தனை நிறைவேறவில்லை, எல்ஸ் பகுதியும் எழுதப்படவில்லை என்று பொருள். அதைப் பிழையாகக் கொள்ள வேண்டியதில்லை.

தட்டியதே அப்படியே திரும்பி வருகிறது

பிரின்ட் என்பதன் முதல் எழுத்தைப் பேரெழுத்தில் தட்டினால் மாக்ஸிமா அதை அறியாத ஒரு சார்பாகக் கொண்டு, தட்டிய வரியையே விடையாகத் திருப்பிக் காட்டும். மாக்ஸிமா பேரெழுத்தையும் சிற்றெழுத்தையும் வேறுபடுத்திப் பார்க்கும் மொழி. மாத்தமாட்டிகா என்னும் மற்றொரு கணித மென்பொருளில் இது நேர்மாறாக உள்ளது: அங்கே முதல் எழுத்து பேரெழுத்தாக இருக்க வேண்டும், உறுப்புகளைச் சதுர அடைப்பில் வைக்க வேண்டும். அதைக் கற்றுவிட்டு வருபவர்களின் கை பழைய வழக்கத்திலேயே போகும். எழுத்துப்பிழை இருந்தாலும் இதே அறிகுறிதான். இயற்கணித மென்பொருளில் அறியாத பெயரும் முறையான ஒரு குறியீடே ஆதலால், அது புகார் சொல்வதில்லை.

எண்ணைக் காட்டச் சொன்னால் பெயரையே காட்டுகிறது என்றால், மதிப்பை எந்தக் குறியால் கொடுத்தீர்கள் என்று பாருங்கள். முதல் = 50000 என்று எழுதுவது ஒரு சமன்பாட்டைக் கூறுவது மட்டுமே; அது திரையில் அப்படியே திரும்பி வருவதால் ஏற்றுக்கொள்ளப்பட்டது போலத் தோன்றும், ஆனால் எதுவும் பதியவில்லை. முதல் : 50000 என்று முக்காற்புள்ளியால் எழுதினால்தான் பதியும். சார்பை வரையறுக்க முக்காற்புள்ளியும் சமக்குறியும் சேர்ந்த குறி வேண்டும்.

தசமம் கேட்ட இடத்தில் பின்னம் வருகிறது

ஆத்தங்குடியிலிருந்து வரும் மாணவி ஒருவர், இருபது அடி நீளமும் பன்னிரண்டு அடி அகலமும் கொண்ட முகப்புக்குப் பத்து அங்குல டைல்ஸ் எத்தனை வேண்டும் என்று கணக்கிட்டார். அங்குலத்தில் 240, 144.

பிரின்ட்("டைல்ஸ்", 240*144/100)$

1728 மேலே, 5 கீழே, நடுவே ஒரு கோடு என்று மூன்று வரிகளில் விடை வந்தது. இது கோளாறு அன்று. முழு எண்களைக் கொடுத்தால் துல்லியத்தை இழக்காமல் பின்னமாகவே வைத்துக்கொள்வது இவ்வகை மென்பொருளின் அடிப்படைக் குணம். அதற்காகவே நாம் இதை நாடுகிறோம். ஃப்ளோட் என்னும் சார்புக்குள் அந்தக் கோவையை வைத்தால் 345.6 வரும்; சீலிங் என்பதற்குள் வைத்தால் அடுத்த முழு எண்ணான 346 வரும். வெட்டும்போது ஆகும் சேதத்தைச் சேர்த்துக்கொள்வது மேஸ்திரியின் கணக்கு.

பின்னம் எவ்வளவு பெருக்கக்கூடும் என்பதற்கு வட்டிக் கணக்கே சான்று. ஓர் இலட்ச ரூபாயை நூற்றுக்கு ஒரு ரூபாய் மாத வட்டியில் பன்னிரண்டு மாதம் கூட்டுவட்டிக்கு விட்டால்,

100000*(1+1/100)^12;

என்பதற்குத் தொகுதி 1126825030131969720661201 என்றும், பகுதி ஒன்றுக்குப் பின் பத்தொன்பது சுழியங்கள் என்றும் வரும். அணுவளவும் பிசகாத விடை அது. ஆனால் எங்கள் அப்பத்தாவிடம் அதை வாசித்துக்காட்ட முடியாது. ஃப்ளோட் அதை 112682.503 என்று தொடங்கும் தசமமாக்கும்.

இனி இலக்கங்களைக் குறைக்க வேண்டும். எஃப்பிபிரின்ட்பிரெக் என்னும் மாறிக்கு 8 என்று மதிப்புக் கொடுத்தால் 112682.5 என்று வரும். பைசாவுக்கு இரண்டு இலக்கம் கேட்டவருக்கு ஓர் இலக்கமே வருவதேன் என்றால், அந்த மாறி எண்ணுவது தசமப் புள்ளிக்குப் பிந்தைய இலக்கங்களை அன்று, மொத்த இலக்கங்களை. கடைசியில் வரும் சுழியமும் விடப்படுகிறது. பைசா வரை ஒழுங்காக வர வேண்டுமானால் பிரின்ட்எஃப் கட்டளைக்குச் செல்ல வேண்டும்:

பிரின்ட்எஃப்(ட்ரூ, "தொகை ~,2எஃப் ரூபாய்~%", ஃப்ளோட்(100000*(1+1/100)^12))$

இதற்கு 112682.50 என்றே வரும். மாறாக, பதினாறு இலக்கத்துக்கு மேல் துல்லியம் வேண்டுபவர் எஃப்பிபிரெக் என்னும் மாறியை முப்பது என்பது போல உயர்த்திவிட்டு, ஃப்ளோட்டுக்குப் பதிலாக பிஃப்ளோட்டைப் பயன்படுத்த வேண்டும். எஃப்பிபிரெக்கை உயர்த்திவிட்டு ஃப்ளோட்டையே அழைத்தால் கூடுதல் துல்லியம் கிடைக்காது.

பிரின்ட்எஃப் வடிவக்குறியையே காட்டுகிறது, அல்லது அடுத்த வரி ஒட்டிக்கொள்கிறது

சி மொழி கற்றவர்கள் விழுக்காட்டுக் குறியும் டி எழுத்தும் இட்டு எழுதுகிறார்கள். அது எழுத்துக்கு எழுத்து அப்படியே திரையில் வரும். மாக்ஸிமா லிஸ்ப் மொழியில் எழுதப்பட்டது ஆதலால் அதன் வடிவக்குறிகள் லிஸ்ப் வழக்கப்படி அலைக்குறியில் தொடங்குகின்றன. எந்த மதிப்பையும் காட்ட ~ஏ, தசமத்துக்கு ~எஃப், புதுவரிக்கு ~%. பிரின்ட் தானே வரியை முடிக்கும், பிரின்ட்எஃப் முடிக்காது. ஆகவே ~% இல்லாவிட்டால் அடுத்த வெளியீடு அதே வரியில் ஒட்டிக்கொள்ளும். முதல் உறுப்பாக ட்ரூ இருந்தால் திரைக்கு வரும். ஃபால்ஸ் இருந்தால் எழுத்துச்சரமாகத் திருப்பித் தரப்படும். அந்த முதல் உறுப்பையே மறந்துவிட்டால் பிழைச் செய்தி வரும்.

விடை பல வரிகளில் சிதறி வருகிறது, நகலெடுத்தால் உடைகிறது

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1968-இல் தொடங்கப்பட்ட மாக்சைமா என்னும் பழைய மென்பொருளின் வழிவந்தது மாக்ஸிமா. அதன் ஒரு பிரதியை 1982 முதல் 2001-இல் தாம் மறையும் வரை பேணிவந்த வில்லியம் ஷெல்டர், 1998-இல் அதைக் கட்டற்ற மென்பொருளாக வெளியிட அனுமதி பெற்றார். இன்று நம் மாணவர்கள் கட்டணமின்றி இதைக் கற்க முடிவது அவரால்தான் என்பதால் அந்தப் பெயரை வகுப்பில் ஒரு முறையாவது சொல்லிவிடுகிறேன். எழுத்துகளை மட்டுமே காட்டும் திரைகளின் காலத்தில் பிறந்தமையால், மாக்ஸிமா கன்சோலில் அடுக்கை மேல்வரியிலும் பகுதியைக் கீழ்வரியிலும் வைத்துக் கணிதத்தை எழுத்துகளாலேயே வரைகிறது. கண்ணுக்கு இது நன்று. நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் அடுக்கு தனியாகவும் அடி தனியாகவும் பிரிந்துவிடும்.

டிஸ்ப்ளே2டி என்னும் மாறிக்கு ஃபால்ஸ் என்று மதிப்புக் கொடுத்தால், நாம் தட்டும் வடிவிலேயே ஒரே ஒழுங்கில் விடை வரும். ஒரு கோவைக்கு மட்டும் அவ்வாறு வேண்டுமானால் கிரைண்ட் கட்டளை போதும். அது காட்டும் கோவையின் முடிவில் ஒரு டாலர் குறியும் வரும், அது விடையின் பகுதி அன்று. நீண்ட கோவை 79 எழுத்துகளுக்கு மேல் போனால் அடுத்த வரிக்கு மடிக்கப்படும். லைன்எல் என்னும் மாறியில் அந்த அளவைக் கூட்டிக்கொள்ளலாம்.

எக்ஸ் கூட்டல் ஒய் என்று தட்டினால் ஒய் கூட்டல் எக்ஸ் என்று வருவதையும் சிலர் கோளாறாகக் கருதுகிறார்கள். உறுப்புகளை மாக்ஸிமா தன் வரிசைப்படி அடுக்கிக்கொள்கிறது, மதிப்பில் மாற்றமில்லை. அடுக்குகள் ஏறுவரிசையில் வேண்டும் என்பவர் பவர்டிஸ்ப் மாறியை ட்ரூ ஆக்கலாம்.

பெரிய எண்ணின் நடுப்பகுதி காணவில்லை

சாளர வடிவத்தில் 100! என்று கேட்டால் முதல் முப்பது இலக்கங்களும் கடைசி முப்பது இலக்கங்களும் வந்து, நடுவில் 98 இலக்கங்கள் என்னும் குறிப்பு மட்டும் வரும். 158 இலக்கங்களும் உள்ளே பத்திரமாகவே இருக்கின்றன. சுருக்கிக் காட்டுவது சாளரம்தான். செட்_டிஸ்ப்ளே கட்டளையால், வெறும் எழுத்துகளாகக் காட்டும் ஆஸ்கி வடிவத்துக்கு மாற்றினாலோ, கன்சோலில் கேட்டாலோ முழு எண்ணும் வரும். கோவை மிக நீளம் என்னும் செய்தி வந்தால், சாளரத்தின் அமைப்புப் பகுதியில் அந்த எல்லையைத் தளர்த்த வேண்டும்.

மேற்கோள் குறியில் பிழை, தமிழ் எழுத்தில் தடுமாற்றம்

வாட்ஸ்அப்பிலோ வேர்டிலோ வந்த வரியை ஒட்டினால் தொடரமைப்புப் பிழை வருகிறது, அதையே கையால் தட்டினால் வருவதில்லை என்றால், மேற்கோள் குறிகளை உற்றுப் பாருங்கள். வளைந்த மேற்கோள்கள் மாக்ஸிமாவுக்கு மேற்கோள்கள் அல்ல. அவற்றை அழித்துவிட்டு நேரான இரட்டை மேற்கோளைத் தட்ட வேண்டும்.

மேற்கோளுக்குள் தமிழில் எழுதுவது சாளர வடிவத்தில் ஒழுங்காக வருகிறது. கன்சோலில் கட்டங்களாகவோ கேள்விக்குறிகளாகவோ வந்தால் பில்ட்_இன்ஃபோ() என்று கேட்டு, எந்த லிஸ்ப்மீது உங்கள் மாக்ஸிமா கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். எஸ்பிசிஎல் என்றால் யூனிகோடு எழுத்தை அது கையாளும், குறை கன்சோலின் எழுத்துருவில் இருக்கக்கூடும். பின்னத்துக்கு அருகே தமிழ்ச் சொல் வரும்போது நிரல் விலகுவதற்குக் காரணம், கா என்னும் ஓரெழுத்து யூனிகோடில் ககரமும் துணைக்காலும் ஆகிய இரண்டு குறியீடுகளாக இருப்பதே. நிரல் பிசகக்கூடாத அட்டவணையானால் தலைப்பைத் தனி பிரின்ட்டாக மேலே இட்டுவிடுகிறேன்.

கோப்பில் எழுதச் சொன்னேன், கோப்பைக் காணவில்லை

வித்_ஸ்டட்அவுட் கட்டளைக்குக் கோப்பின் பெயரை மட்டும் கொடுத்தால், மாக்ஸிமா அப்போது எந்த அடைவில் நிற்கிறதோ அங்கேதான் அது எழுதப்படும். முழுப் பாதையையும் கொடுத்துவிடுங்கள். விண்டோஸில் பாதையை எழுதும்போது பின்சாய்கோட்டை இடக்கூடாது. எழுத்துச்சரத்தினுள் அதற்கு வேறு பொருள் இருப்பதால் முன்சாய்கோட்டையே இட வேண்டும். கோப்பு இருந்தும் வெறுமையாக இருந்தால், உள்ளே இட்ட கோவையைப் பிரின்ட்டுக்குள் வைக்கவில்லை என்பதே காரணம்: மதிப்பு பிறந்தது, சொல்லப்படவில்லை. நேற்று எழுதியது இன்று மறைந்துவிட்டது என்றால், ஒவ்வொரு முறையும் கோப்பு புதிதாக எழுதப்படுகிறது. ஃபைல்_அவுட்புட்_அப்பெண்ட் மாறியை ட்ரூ ஆக்கிய பிறகு எழுதுபவை பழையவற்றின் கீழே சேர்ந்துகொள்ளும்.